மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்: எழுதப்படாத எங்கட கராஜ் வரலாறு

வரலாறு என்று சொன்னவுடனே எங்கட ஆட்களுக்கு நினைவுக்கு வருவது சங்கிலியன், பண்டாரவன்னியன், அதற்குப் பிறகு தலைவர்கள், ஒப்பந்தங்கள், போர்கள். அவையெல்லாம் எழுதப்படத்தான் வேணும். எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகம் இல்லை என்ற காலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காரை ஓட வைத்தது யார்? தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த இயந்திரத்தைச் சாகாமல் வைத்திருந்தது யார்? அவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்தையும் நான் காணவில்லை. யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்களைத்தான் சொல்கிறேன். இந்தப் புத்தாண்டு மலரில் அவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நான் பொறியியல் படித்தவன் அல்ல. உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, இங்கே ஸ்காபரோவில் இரும்புத் தகடு வளைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்பவன். எனக்குத் தெரிந்த எஞ்சின் வேலை முழுவதும் என் மாமாவிடமிருந்து வந்தது. அவர் 1980களில் தெல்லிப்பழையில் கராஜ் வைத்திருந்தவர். இப்போது வயது எழுபதைத் தாண்டி, வோபர்னில் எங்களோடு ஒரே கட்டிடத்தில் இருக்கிறார். கீழே எழுதியிருப்பவற்றில் தொழில் விஷயங்கள் பெரும்பாலும் அவர் வாயிலிருந்து கேட்டவை, பிறகு நான் கைப்படச் செய்து பார்த்தவை.

கார்கள் வந்த கதை

யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வளவு பழைய ஒஸ்ரினும் மொறிஸும் இருந்தன என்று இங்கே பிறந்த பிள்ளைகள் பழைய படங்களைப் பார்த்துக் கேட்பார்கள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த பிறகும் வாகனங்கள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்தே வந்தன. பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் லோங்பிறிட்ஜ் என்ற இடத்தில் ஒஸ்ரின் தொழிற்சாலை இருந்தது. ஒக்ஸ்போட்டுக்குப் பக்கத்தில் கௌலியில் மொறிஸ் தொழிற்சாலை இருந்தது. இரண்டு கம்பனிகளும் 1952இல் ஒன்றாக இணைந்தன. எங்கட ஆட்கள் "சோமசெற்" என்று சொல்லும் ஒஸ்ரின் ஏ-40, 1952இலிருந்து 1954வரை செய்யப்பட்டது. 1200 சீசி எஞ்சின், நாலு சிலிண்டர், ஏறக்குறைய 40 குதிரை வலு. மொறிஸ் மைனர் 1948இலிருந்து 1971வரை வந்தது. சோமசெற்றுக்குப் பிறகு கேம்பிரிட்ஜ் என்ற பெரிய காரும் வந்து சேர்ந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதுக் கார் என்பது சாதாரண ஆளுக்குக் கனவுதான். ஆகவே 1950களில் வந்த காரையே திருத்தித் திருத்தி ஓடும் பழக்கம் நாடு முழுவதும் வந்துவிட்டது. அதாவது எங்கட கராஜ்காரர்களின் கைத்திறன் 1990இல் திடீரென்று முளைத்தது அல்ல. அதற்கு முன்னரே முப்பது வருடப் பயிற்சி இருந்தது.

இந்தக் கார்களின் இலக்கத் தகட்டிலும் எங்கட அரசியல் இருக்கிறது. பழைய சோமசெற் கார்களில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. வடக்கில் அதை எதிர்த்து, சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் 'ஸ்ரீ' எழுதிக்கொண்டு வாகனம் ஓட்டினார்கள். அடுத்த வருடம், 1958 ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. மே மாதம் கலவரம் வெடித்தது. ஒரு காரின் முன் தகட்டைப் பார்த்து அது எந்தக் காலத்தில் வந்தது என்று மட்டுமல்ல, அந்தக் காலம் எப்படிப்பட்டது என்றும் சொல்லலாம் என்பார் மாமா.

1990 ஜூன்

1990 ஜூன் மாதம் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. யாழ்தேவி நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. வலிகாமம் வடக்குச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டது. மாமா சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது ஒரு ரூல்ஸ் பெட்டியும் ஒரு மைக்ரோமீற்றரும் மட்டும்தான். கராஜ் இருந்த காணி பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. மானிப்பாய் வீதியோரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் அவர் மறுபடி தொடங்கினார். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை இழந்த ஒரு கடைச்சல்காரரும் அவரோடு வந்து சேர்ந்தார். பெரிய இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய அந்த மனிதர், தோட்டத்து மண்ணெண்ணெய் எஞ்சினில் பெல்ற் போட்டுப் பழைய லேத் ஒன்றை ஓட்டினாராம்.

பொருளாதாரத் தடைப் பட்டியலை எங்கட வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, இரும்பு என்று அது நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. அதுவும் விளக்குக்கும் அடுப்புக்கும் என்றுதான் கணக்கு. பெற்றோல் கள்ளச் சந்தையில் விற்ற விலைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் கிட்டப் போக முடியாது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் தமிழோசை கேட்ட காலம் அது. காரை என்ன செய்வது? மரத்தின் கீழ் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா?

மண்ணெண்ணெய் எப்படி வேலை செய்தது?

"மண்ணெண்ணெய் ஊத்தினாங்கள், ஓடிச்சுது" என்று பலரும் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படி ஊற்றினால் ஓடாது. பெற்றோல் சாதாரண வெயில் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் நன்றாக ஆவியாவதற்கு 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேணும். அடுத்தது, பெற்றோல் தாங்கும் அழுத்தத்தை மண்ணெண்ணெய் தாங்காது. பிளக் பொறி பற்றவைத்த சுவாலை வந்து சேர முன்னமே மிச்சக் கலவை தானாகப் பற்றி, பிஸ்ரன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல "டொக் டொக்" என்று அடிக்கும். இந்த இரண்டு பிரச்சினையையும் தீர்த்தால்தான் எஞ்சின் ஓடும்.

இதற்கு முன்னோடி இருந்தது. 1917இல் அமெரிக்காவில் ஹென்றி போர்ட் வெளியிட்ட போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவில் 1949இல் வந்த ஒருவகை பேர்கசன் உழவு இயந்திரமும் அப்படித்தான். எங்கட தோட்டக்காரரின் நீர் இறைக்கும் இயந்திரமும் அதே முறைதான்: சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், நடுவில் ஒரு திருகு பைப். எஞ்சின் சூடானதும் பைப்பைத் திருப்பினால் போதும். கடற்கரையில் வெளியிணைப்பு மோட்டார் வைத்திருந்தவர்களுக்கும் இது தெரிந்த விஷயம். ஆகவே மிளகாய்த் தோட்டத்திலும் கடலிலும் இருந்த அறிவை எடுத்துக் காருக்குள் வைத்ததுதான் எங்கட கராஜ்காரர்கள் செய்த வேலை.

மாமா செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, அழுத்தம். சிலிண்டருக்குள் வரும் கலவையைப் பிஸ்ரன் எத்தனை பங்காக நசுக்குகிறது என்பதுதான் கணக்கு. சோமசெற்றில் அது 7க்குச் சற்று மேல். இன்றைக்கு மார்க்கம் வீதியில் ஓடும் கார்களில் பெரும்பாலும் 10க்கு மேல். மண்ணெண்ணெய்க்கு 4, 5 என்றால்தான் சுகம். அதனால் சிலிண்டர் ஹெட்டின் கீழ் தடித்த பக்கிங் போட்டு ஹெட்டைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். வலு குறையும், ஆனால் அடிக்காது. பழைய பிரித்தானியக் கார்கள் இதற்குத் தோதாக இருந்ததும், புதிய யப்பான் கார்கள் கஷ்டம் கொடுத்ததும் இதனால்தான்.

இரண்டாவது, சூடு. ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கும். புகைக் குழாயின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கும். மாமா அந்த இரண்டையும் சுற்றித் தகரக் கவசம் அடித்துப் போடுவார். ராடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்துக் காற்றை மறைப்பார். இங்கே பனிக்காலத்தில் ட்றக்குகளின் மூக்கை மூடிக் கட்டுகிறார்களே, அதே காரணம்தான். அங்கே வெயிலுக்குள்ளும் அது தேவைப்பட்டது.

மூன்றாவது, காபரேற்றர். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரமும் தடிப்பும் கூடியது. மொறிஸ் மைனரில் ஜெற்றைக் கீழே இறக்க ஒரு நட் இருக்கும், அதைத் திருப்பினால் சரி. சோமசெற்றின் காபரேற்றரில் அந்த வசதி இல்லை. ஜெற் துளையை மெல்லிய துளைக் கம்பியால் மயிரிழை அளவு பெருப்பிக்க வேணும். கூடினால் புகை, குறைந்தால் இழுவை இல்லை.

நாலாவது, பொறி வரும் நேரம். அதைக் கொஞ்சம் பிந்தி வரப் பண்ண வேணும். டிஸ்ரிபியூற்றரைத் தளர்த்திக் கையால் திருப்பி, காதால் கேட்டுத்தான் செய்வார்கள்.

ஐந்தாவது, ஸ்ராட் பண்ணுவது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. பொனற்றுக்குள் ஒரு சலைன் போத்தலைக் கட்டி, அதற்குள் ஒரு முட்டுப் பெற்றோல் வைத்து, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பற்றறி பலவீனம் என்பதால் முன்னால் நின்று ஹான்டிலைக் கையால் சுற்ற வேணும். பழைய கார்களுக்கு அந்த ஹான்டில் இருந்தது பெரிய புண்ணியம். பெருவிரலை ஹான்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் போய்விடும்.

இவை எல்லாவற்றையும் எண்ணிப் பாருங்கள். இது வெறும் "சமாளிப்பு" அல்ல. அழுத்தம், வெப்பம், கலவை, பொறி நேரம் என்று பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் நாலு பாடத்தையும் கிடுகுக் கொட்டிலில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஓவர்ஹோல்

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா விடவில்லை. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே போய், கீழே இருக்கும் ஒயிலையும் தண்ணீராக்கிவிடும். றிங் தேயும், பெயாறிங் தேயும், வால்வில் கரி பிடிக்கும். வருடக் கணக்காக ஓட வேண்டிய எஞ்சின் சில மாதத்தில் புகை கக்கும். அப்போது கழற்ற வேண்டியதுதான். ஆகவே அந்தக் காலத்து மெக்கானிக்மார் ஒரே எஞ்சினைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினார்கள். அந்தப் பழக்கம்தான் அவர்களைக் கெட்டிக்காரராக்கியது.

மாமா கழற்றும் முறை இது. நிலத்தில் சாக்கை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றையும் வைப்பார். எந்தப் பிஸ்ரன் எந்தத் துளையில் இருந்தது என்று பொட்டுக் குத்தி அடையாளம் போடுவார். சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளப்பார். தேய்வு எல்லை தாண்டியிருந்தால் போர் பண்ண வேணும் அல்லது சிலீவ் அடிக்க வேணும். றிங்கைத் துளைக்குள் வைத்து, பிஸ்ரனால் தள்ளி நேராக்கி, இரண்டு முனைக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். கூடினால் புகை. குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி எஞ்சின் இறுகிவிடும். அளவான றிங் இல்லாவிட்டால் வேறு வாகனத்து றிங்கை எடுத்து முனையை அரத்தால் ராவிப் பொருத்துவார்.

வால்வுகளைப் பசை தடவி, இரு கைகளுக்கும் இடையில் தடியை உருட்டி உருட்டி அரைப்பார்கள். மத்தால் தயிர் கடைவதுபோல இருக்கும். பிறகு அந்தக் குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது ஒழுகியிருந்தால் மறுபடி அரைக்க வேணும். கஸ்கெற்றுக்குக் கடையில்லை. தடித்த மட்டையை எஞ்சின் மீது வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பில் மெல்லத் தட்டி வெட்டி எடுப்பார்கள். பெயாறிங் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க விளக்குக் கரியை ஒயிலில் குழைத்துப் பூசுவார்கள். கறுப்புப் படாத இடம் அமராத இடம்.

போன கோடையில் ஒரு நண்பரின் வீட்டுக் கராஜில் பழைய ஹொண்டா சிவிக் எஞ்சின் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் இறக்கி ஓவர்ஹோல் பண்ணினோம். எஞ்சினைத் தாங்கும் ஸ்ராண்டை நாங்களே சதுர இரும்புக் குழாய் வெட்டி வெல்டிங் பண்ணினோம். மாமா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் எல்லா அளவுக் கருவியும் இருந்தன. இருந்தும் றிங் இடைவெளியை அளக்க முன்னம் அவர் கண்ணால் பார்த்து, "தம்பி, மூண்டாவதுக்கு கொஞ்சம் கூட" என்றார். அளந்தபோது அவர் சொன்னதுதான் சரி.

அதற்குக் கொடுத்த விலை

பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரிக்கும், தலையிடி வரும். காரில் போன நோயாளி இருமிக்கொண்டே போவார். நான் அப்போது ஐந்தாறு வயதுச் சிறுவன். பாடசாலை வாசலில் நின்றால் அந்த வெள்ளைப் புகையின் மணம் உடுப்பில் பிடிக்கும். சூடான எஞ்சினுக்கு மேலே பெற்றோல் போத்தல் தொங்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாமாவின் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. பிறேக் ஒயில் இல்லாமல் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றியும் ஓடினார்களாம். தண்ணீர் சூட்டில் கொதித்தால் பிறேக் பிடிக்காது, உள்ளே துருவும் ஏறும். "செய்தனாங்கள், வேற வழியில்லை. ஆனா அதைக் கெட்டித்தனம் எண்டு எழுதாதை" என்று மாமா எனக்குச் சொன்னார். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

மற்றவர்களும் நாங்களும்

இப்படியான கதை உலகத்தில் வேறு இடங்களிலும் உண்டு. கியூபாமீது அமெரிக்கா 1960களின் தொடக்கத்தில் தடை விதித்த பிறகு, அங்கே 1950களின் அமெரிக்கக் கார்களை வேறு எஞ்சின் வைத்தும் கையால் பாகம் செய்தும் ஓட்டினார்கள். இன்றைக்கு உல்லாசப் பயணிகள் அந்தக் கார்களைப் படம் பிடிக்க என்றே போகிறார்கள். நாங்கள் வந்து சேர்ந்த இந்தக் கனடாவிலும், 1930களின் பொருளாதார மந்தத்தில் மேற்கு மாகாண விவசாயிகள் பெற்றோல் வாங்க வழியில்லாமல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் ஆர். பி. பெனற். கோபத்தில் அந்த வண்டிக்கு "பெனற் வண்டி" என்றே பெயர் வைத்தார்கள். அது இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் ஜீ. டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளைக் காசு சேர்த்து வாங்கி, கழற்றிப் பூட்டித்தான் தொழில் பழகினார் என்பார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் ஒரு பஸ்ஸோடு தொடங்கிப் பெரிய போக்குவரத்துக் கம்பனியே நடத்தினார். அவருக்குக் கோயம்புத்தூரில் அருங்காட்சியகம் இருக்கிறது. கியூபாக்காரருக்குப் படங்கள், கனடாக்காரருக்குப் பாடப் புத்தகம், நாயுடுவுக்கு அருங்காட்சியகம். எங்கட கராஜ்காரருக்கு?

அதற்குப் பிறகு

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. அந்த மழை இரவில் நாவற்குழிப் பாதையில் நகர்ந்த வாகனங்களில் மண்ணெண்ணெய்க் கார்களும் இருந்தன. பாதி வழியில் நின்றவற்றைத் தள்ளி ஓரம் விட்டுவிட்டு நடந்தார்கள். 1996இல் திரும்பி வந்தபோது மாமாவின் கொட்டிலில் லேத் இருக்கவில்லை. 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்ததும் யப்பான் வான்களும் இந்திய மோட்டார் சைக்கிள்களும் வந்து குவிந்தன. சோமசெற்றைத் தேடிக் கொழும்புப் பக்கத்தில் இருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டியது. வன்னியில் மறுபடி மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2009 மே மாதத்தோடு அந்த வாகனங்களும் முள்ளிவாய்க்கால் மணலில் எரிந்து கிடந்தன.

2022இல் இலங்கை முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, "எங்களுக்கு இது முப்பது வருசத்துக்கு முந்தின பாடம்" என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் அந்தப் பாடம் இனி உதவாது. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. புது எஞ்சின்களும் மண்ணெண்ணெயை ஏற்காது. அந்தத் தொழில்நுட்பத்தின் காலம் முடிந்துவிட்டது. அதனால்தான் அதை எழுதி வைக்க வேணும் என்கிறேன். கையில் இருக்கும் தொழில் பிள்ளைக்குப் போகும். கைவிட்டுப் போன தொழில் எழுத்தில் மட்டும்தான் இருக்கும்.

இங்கே வந்த பிறகு

எங்கட ஆட்கள் ஸ்காபரோவில் குவியத் தொடங்கிய காலத்தில் எக்லின்ரன் வீதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் வான் தொழிற்சாலை இருந்தது. அது 1993இல் மூடப்பட்டது. ஒன்ராறியோவில் கார் திருத்துவது கட்டாயச் சான்றிதழ் உள்ள தொழில். பயிற்சிக்கு மட்டும் 7,000 மணித்தியாலத்துக்கு மேல் வேணும். அனுபவம் உள்ளவர் நேரே பரீட்சை எழுதலாம், ஆனால் அந்த அனுபவத்தை ஆவணத்தோடு காட்ட வேணும். சட்டம் நியாயமானதுதான். பிறேக் வேலை தெரியாதவன் பிறேக் கழற்றக் கூடாது.

ஆனால் மாமா என்ன ஆவணம் காட்டுவார்? தெல்லிப்பழைக் கராஜ் அவர் போக முடியாத வலயத்துக்குள். மானிப்பாய்க் கொட்டில் எரிந்து போனது. கடைச்சல்காரர் உயிரோடு இல்லை. வேலை கொடுத்தவரிடம் கடிதம் வாங்கு என்றார்கள். வேலை கொடுத்தவரே அவர்தான்! இருபத்தைந்து வருட அனுபவத்தைக் கைவிட்டுவிட்டு, அவர் பதினாறு வருடம் இரவில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார். இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! கோப்பை கழுவிய கைகளில் எத்தனை கைகள் கிறாங் ஷாவ்ற் அளந்த கைகள்!

அவர்களுடைய பிள்ளைகளில் கனபேர் செந்தெனியல் கல்லூரியில் வாகனத் தொழில் படித்துச் சான்றிதழ் எடுத்து, இன்றைக்குச் சொந்தமாகக் கராஜ் நடத்துகிறார்கள். மகிழ்ச்சி. வார இறுதியில் வீட்டுக் கராஜ் கதவைத் திறந்து வேலை செய்யும் இளைஞர்களையும் வோபர்னில் காண்கிறேன். எங்கட கூட்டத்தில் ஒருவர் பழைய உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் மோட்டாரில் தேங்காய் துருவும் இயந்திரம் செய்திருக்கிறார். இன்னொருவர் கோயில் தேர்த் திருவிழாவுக்குத் தள்ளுவண்டி வெல்டிங் பண்ணிக் கொடுத்தார். அவர்களுக்கு ஒரு வார்த்தை: பனிக்காலத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள். மண்ணெண்ணெய்ப் புகையாவது மணத்தைக் காட்டி எச்சரிக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஒரு வேண்டுகோள்

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பழைய மெக்கானிக், கடைச்சல்காரர், வெல்டர், மோட்டார் சுற்றுபவர் இருப்பார். இந்தப் புத்தாண்டுக்குக் கைவிசேடம் வாங்கப் போகும்போது பக்கத்தில் இருந்து நாலு கேள்வி கேளுங்கள். உங்கட கராஜ் எந்தச் சந்தியில் இருந்தது? யாரிடம் தொழில் பழகினீர்கள்? எந்தக் காரை எப்படி மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர்கள், பக்கிங் எவ்வளவு தடிப்பு, ஜெற் எவ்வளவு? எது பிழைத்தது, யாருக்குக் காயம் வந்தது? பதிலைக் கைத்தொலைபேசியில் பதிந்து வையுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். பழைய படம் இருந்தால் பின்பக்கத்தில் ஊரும் வருடமும் எழுதி வையுங்கள். சங்கத்திடம் கொடுத்தால் அடுத்த மலரிலும் அதற்கடுத்த மலரிலும் தொடர்ந்து போடலாம்.

மாமா சொன்னவற்றை நான் இதுவரை இரண்டு கொப்பியில் எழுதியிருக்கிறேன். இன்னும் டீசல் எஞ்சின் பகுதி தொடங்கவில்லை. அவருக்கு இப்போது ஒரு காது சரியாகக் கேட்காது. எஞ்சின் சத்தத்தால் போன காது அது. மற்றக் காதுப் பக்கம் இருந்துதான் கேட்கிறேன். நீங்களும் பிந்தாமல் கேளுங்கள்.